அடுப்படிக் கேள்விகள்: தோல் சீவிய உருளைக்கிழங்கு

போன மாதம் பொடிமாஸ் செய்முறையில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "கிழங்கைத் தோலோடு வேகவையுங்கள், சீவி நறுக்கி வேகவைக்காதீர்கள்." அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்தப் பக்கத்தை நிரப்பப் போதும். மனையியல் படித்துவிட்டு, மதுரையில் ஒரு பெண்கள் விடுதியின் சமையலறையை 26 வருஷம் பார்த்துக்கொண்டவள் நான். வாரம் இரண்டு மூட்டைக் கிழங்கு என் கண்முன்னால் சீவப்பட்டு, நறுக்கப்பட்டு, வெந்து, பந்திக்குப் போயிருக்கிறது. அதனால் இந்த முறை முழுக்க உருளைக்கிழங்குதான்.

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி: அக்கா, காலையில் 6.40க்கு எனக்கு பஸ். ராத்திரியே கிழங்கைச் சீவி, பொடியாக நறுக்கி, தண்ணீரில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் வேகவைத்து வடித்துத் தாளிக்கிறேன். என் மாமியார், "சத்தையெல்லாம் சிங்க்ல ஊத்திட்டுச் சக்கையைப் போடுற" என்கிறார். நிஜமாகவே அப்படியா?

சக்கை என்பது அதிகம். ஆனால் அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

நாளைக்குக் காலையில் அந்தக் கிண்ணத்தின் அடியைப் பாருங்கள். வெள்ளையாக ஒரு படிவு இருக்கும். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் கிரீச்சென்று இருக்கும். அது மாவுச்சத்து. கத்தி போன வழியில் கிழங்கின் செல்கள் உடைந்து, உள்ளே இருந்த மாவு வெளியே வந்து படிந்திருக்கிறது. விடுதியில் ராத்திரி ஊறின அண்டாவைக் காலை 5 மணிக்குச் சாய்க்கும்போது, அடியில் அது கெட்டித் தயிர் மாதிரி இறுகிக் கிடக்கும். அது போவதில் எனக்கு வருத்தமில்லை. சோறு சாப்பிடுகிற வீட்டில் மாவுச்சத்துக்குப் பஞ்சமில்லை. கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து போவதுதான் கவலை: வைட்டமின் சி, பொட்டாசியம், பி வகை வைட்டமின்கள் சில.

இங்கேதான் மாமியாரும் நீங்களும் தவறான தண்ணீரைப் பார்த்துச் சண்டை போடுகிறீர்கள். ராத்திரி ஊறுகிற குளிர்ந்த தண்ணீரில் போவது கொஞ்சம்தான். பெரிய நஷ்டம் காலையில் வேகவைத்து வடிக்கிற தண்ணீரில் நடக்கிறது. பச்சைக் கிழங்கில் 100 கிராமுக்கு வைட்டமின் சி 20 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். தோலோடு வேகவைத்து உரித்தால் சுமார் 13 மிஞ்சும். சீவிய பிறகு வேகவைத்தால் மிஞ்சுவது 7 சொச்சம். பொட்டாசியம் 420 மில்லிகிராமில் தொடங்கி, தோலோடு வேகும்போது 380க்கும், சீவி வேகும்போது 330க்கும் இறங்குகிறது. "சத்தெல்லாம் தோலில்தான் இருக்கிறது" என்று சொல்லிக்கொள்கிறோம், அது சரியில்லை. பெரும்பகுதி சதையில்தான் இருக்கிறது. தோல் அதற்கு மூடி. மூடியைக் கழற்றிவிட்டுக் கொதிக்கவிட்டால் உள்ளே இருப்பது வெளியே வரும்.

பொடியாக நறுக்குவது இன்னும் மோசம். 4 சென்டிமீட்டர் சதுரக் கட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தண்ணீர் படுகிற பரப்பு 96 சதுர சென்டிமீட்டர். அதையே 1 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் 64 துண்டு வரும், பரப்பு 384. கிழங்கு அதேதான், தண்ணீருக்கு நாலு மடங்கு வாசல் திறந்துவிட்டோம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ராத்திரிப் பாத்திரம் கழுவுகிற நேரத்தில் கிழங்கைத் தோலோடு குக்கரில் வைத்துவிடுவேன். ஆறினதும் உரிக்காமல் அப்படியே ஃப்ரிட்ஜில். காலையில் உரித்து, உதிர்த்துத் தாளிப்பது பத்து நிமிஷம். குளிர்ந்த கிழங்கு குழையாமல் துண்டு துண்டாக நிற்கும் என்பதால் பொரியலும் நன்றாக வரும். அப்படி முடியாத நாளில், சீவினால் முழுசாகவே தண்ணீரில் போட்டுவைத்து, காலையில் நறுக்கி, வடிக்காமல் மூடிபோட்டுக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து வேகவிடுங்கள். தண்ணீர் மிஞ்சினால் சாம்பாரில் ஊற்றுங்கள். காலையில் உரிக்கிற வேலையை வீட்டில் வேறு யாராவது பார்க்கட்டும், 6.40 பஸ் உங்களுக்குத்தானே.

மேலூரிலிருந்து ஒரு சமையல் ஒப்பந்தக்காரர்: அம்மா, கல்யாண வேலை எடுத்துச் செய்கிறேன். 50 கிலோ கிழங்கு சீவ இப்போதெல்லாம் ஆள் கிடைப்பதில்லை. டிரம்மில் சீவிய கிழங்கு கொண்டுவந்து இறக்குகிறார்கள். தண்ணீரை வடித்து வைத்தாலும் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. மருந்து கலந்திருப்பார்களா?

தண்ணீர் இல்லாமல் மணிக்கணக்கில் வெள்ளையாக இருந்தால் ஏதோ சேர்ந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சீவிய கிழங்கு கருப்பது அதன் இயல்பு. உடைந்த செல்களில் இருக்கிற ஒரு நொதியும், டைரோசின் போன்ற பொருள்களும் காற்றோடு சேரும்போது முதலில் இளஞ்சிவப்பு, அப்புறம் பழுப்பு, அப்புறம் கறுப்பு. தண்ணீரில் மூழ்கடித்தால் காற்று படாது, அதனால் கருக்காது. வெளியே எடுத்ததும் மறுபடி ஆரம்பிக்கும். அப்படி ஆரம்பிக்கவில்லை என்றால் பெரும்பாலும் சல்பைட் உப்புதான். ஸ்குவாஷ் போடுகிறவர்களுக்குத் தெரியும், பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் என்று ஒரு சிட்டிகை சேர்ப்போமே, அந்தக் குடும்பம்.

ஒருமுறை விடுதி ஆண்டு விழாவுக்கு நானே அப்படி டிரம் வாங்கினேன். கிழங்கு ஒவ்வொன்றும் உரித்த முட்டை மாதிரி இருந்தது. மூடியைத் திறந்ததும் தீக்குச்சி கிழித்த வாடை மூக்கில் ஏறியது. எனக்குப் பக்கத்தில் குனிந்து நின்ற உதவிக்காரப் பெண்ணுக்கு ஆஸ்துமா உண்டு. இரண்டு நிமிஷத்தில் அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. வெளியே கூட்டிப்போய்த் திண்ணையில் உட்காரவைத்து, அவளுடைய மருந்தை உறிஞ்சவைத்த பிறகுதான் அடங்கியது. கொண்டுவந்தவரிடம் கேட்டதற்கு, "கொஞ்சூண்டு பவுடர்தாம்மா, எல்லாரும் போடுறதுதான்" என்றார். எவ்வளவு போட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. டிரம்மைத் திருப்பி அனுப்பிவிட்டு, அன்று மாணவிகளையும் உட்காரவைத்துக் கிழங்கு சீவினோம்.

சல்பைட் எல்லாருக்கும் கெடுதல் செய்யும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் ஆஸ்துமா இருக்கிறவர்களில் சிலருக்கு அது மூச்சைப் பிடிக்கும். கிழங்கில் இருக்கிற வைட்டமின் பி1ஐயும் அது அழித்துவிடும். பாக்கெட் என்றால் லேபிளில் 220 முதல் 228 வரை ஏதாவது எண் இருக்கிறதா என்று பார்க்கலாம். டிரம்முக்கு லேபிள் இல்லை. 500 பேர் பந்தியில் யாருக்கு ஆஸ்துமா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

கிழங்கு சீவும் மெஷினை வாடகைக்கு எடுங்கள். முழுசாக வழுவழுவென்று ஆகும்வரை ஓடவிடாதீர்கள். உள்ளே இருக்கிற சொரசொரப்புக் கல் தோலோடு சதையையும் தேய்த்துவிடும், தேய்ந்த இடம் சீக்கிரம் கருக்கும். முக்கால்வாசி தோல் போனதும் நிறுத்தி, கண்களையும் மிச்சத்தையும் கூரான கத்தியால் எடுக்கச் சொல்லுங்கள். கத்தியும் அருவாமனையும் மழுங்கியிருந்தால் கிழங்கு நசுங்கும், செல்கள் அதிகமாக உடையும். தண்ணீரில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ கொஞ்சம் சேர்த்தால் போதும். சித்திரை, வைகாசி முகூர்த்தம் என்றால் அந்தத் தண்ணீரில் ஐஸ் கட்டாயம். நம் ஊர் வெயிலில் காலையில் ஊறப்போட்டது மத்தியானம் நுரை தள்ளிப் புளிப்பு வாடை அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கழுவி உபயோகிக்கவே கூடாது.

தல்லாகுளத்திலிருந்து ஒரு இளைஞர்: நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். காற்றை உறிஞ்சி எடுத்த பாக்கெட்டில் சீவிய கிழங்கு கடையில் வாங்கினேன். கடையில் ஃப்ரிட்ஜில் இருந்தது. நான் மறந்து ஒரு நாள் முழுக்க மேஜை மேல் வைத்துவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, வாடையும் இல்லை. சமைக்கலாமா?

வேண்டாம் தம்பி, குப்பையில் போட்டுவிடுங்கள்.

காற்றை எடுத்தால் கிழங்கு கருக்காது, உண்மை. ஆனால் காற்று இல்லாத இடத்தில்தான் வளருவேன் என்று ஒரு கிருமி இருக்கிறது, கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம். அதன் வித்துகள் மண்ணில் இருப்பவை, கிழங்கும் மண்ணில் விளைவது. கிழங்கில் புளிப்பு கிடையாது, ஈரம் உண்டு. பாக்கெட்டுக்குள் காற்றும் இல்லாமல் வெளியே மதுரைச் சூடும் சேர்ந்தால் அதற்கு வேறென்ன வேண்டும்? அது உண்டாக்குகிற நஞ்சு நரம்பைத் தாக்கி மூச்சையே நிறுத்தக்கூடியது. வாடையை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

1994இல் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோவில், ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 30 பேர் இப்படிப் பாதிக்கப்பட்டார்கள். அலுமினியத் தாளில் சுற்றிச் சுட்ட உருளைக்கிழங்கைப் பிரிக்காமல் நாள்கணக்கில் வெளியே வைத்திருந்து, அதில் துவையல் மாதிரி ஒன்று செய்திருக்கிறார்கள். சுட்டபோது வித்துகள் சாகவில்லை. தாளுக்குள் காற்றில்லாமல் முளைத்துவிட்டன.

இந்த பாக்கெட்டுகள் மோசமானவை என்று சொல்லமாட்டேன். பேச்சுலர் அறையில் சிப்ஸ் பொட்டலத்தைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் கடை ஃப்ரிட்ஜிலிருந்து உங்கள் ஃப்ரிட்ஜுக்கு நேராகப் போக வேண்டும், தேதிக்குள் தீர வேண்டும். ஃப்ரிட்ஜ் இல்லாத அறை என்றால் மண் ஒட்டின முழுக் கிழங்கே வாங்குங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகி: வெந்த கிழங்கை உரித்து வைத்தால் ஒரு முனையில் மட்டும் நீலமும் சாம்பலுமாக மாறுகிறது. கெட்டுப்போன கிழங்கா?

இல்லை, தைரியமாகச் சாப்பிடலாம். அந்த முனை கொடியோடு ஒட்டியிருந்த பக்கம். கிழங்கில் இருக்கிற இரும்பும் குளோரோஜெனிக் அமிலம் என்ற பொருளும் வேகும்போது சேர்ந்து, ஆறும்போது காற்றுபட்டு அந்த நிறத்துக்கு மாறுகின்றன. புளிப்புத்தன்மை அந்த முனையில் குறைவு, அதனால் அங்கேதான் தெரியும். பாதி வெந்த பிறகு தண்ணீரில் நாலு சொட்டு எலுமிச்சை விடுங்கள். வெந்த கிழங்கை இரும்புச் சட்டியிலேயே விட்டுவைக்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

சோழவந்தானிலிருந்து ஒரு வாசகர்: மனைவி ஊருக்குப் போயிருந்தபோது புளிக்குழம்பு வைத்தேன். கிழங்கு முக்கால் மணி நேரம் கொதித்தும் நறுக்கென்று இருந்தது. பழைய கிழங்கோ?

கிழங்கின் மேல் தப்பில்லை. புளியை முதலில் ஊற்றியிருப்பீர்கள். செல்களை ஒட்டவைத்திருக்கிற பெக்டின் கரைந்தால்தான் கிழங்கு மெத்தென்று ஆகும். புளிப்பு அதைக் கரையவிடாது. கிழங்கு முக்கால் வேக்காடு வெந்த பிறகு புளித்தண்ணீர் விடுங்கள். குழைந்துபோகிற கிழங்காக இருந்தால் கொஞ்சம் முன்னாலேயே விடலாம், கட்டுக்கோப்பாக நிற்கும்.

வாடிப்பட்டியிலிருந்து ஒரு வாசகி: வீட்டில் சிப்ஸ் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். மாசி, பங்குனியில் பொன்னிறமாக வந்த சிப்ஸ் தீபாவளிக்குப் போட்டபோது திட்டுத் திட்டாகப் பழுப்பாகிவிட்டது. எண்ணெய் அதே, அடுப்பு அதே. கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உங்கள் கைப்பக்குவம் மாறவில்லை, கிழங்கு மாறியிருக்கிறது. வடக்கே தை முதல் பங்குனிக்குள் தோண்டுகிற கிழங்கு அப்புறம் குளிர்பதனக் கிடங்குக்குப் போகிறது. ஐப்பசியில் நம் கைக்கு வருவது பெரும்பாலும் அந்த இருப்பு. நாலைந்து டிகிரி குளிரில் மாதக்கணக்கில் கிடக்கும்போது கிழங்கின் மாவு சர்க்கரையாக மாறும். ஒரு துண்டு வேகவைத்து வாயில் போட்டால் லேசாக இனிக்கும். அந்தச் சர்க்கரைதான் எண்ணெயில் கருகுகிறது.

நிறத்தோடு போகிற விஷயமில்லை இது. சர்க்கரையும் கிழங்கில் இருக்கிற அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் பொரிக்கிற சூட்டில் சேர்ந்து அக்ரிலமைடு உண்டாகிறது. உணவில் இது இருப்பதை 2002இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள்தான் வெளியே சொன்னார்கள். புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று கருதப்படும் பொருள் அது. சிப்ஸ் எவ்வளவு கருக்கிறதோ அவ்வளவு அதிகம். அதனால் கருகினதைத் திருப்பிக் கொடுத்த கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, உங்கள் நஷ்டத்துக்கு வருத்தம் உண்டு.

மூட்டை எடுக்கும் முன் நாலு கிழங்கு வாங்கி வந்து பொரித்துப் பாருங்கள். மாட்டுத்தாவணியில் மொத்தக் கடைக்காரரிடம் சிப்ஸ் கிழங்கு என்று சொல்லிக் கேளுங்கள். சிம்லாவில் இருக்கிற மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் குஃப்ரி சிப்சோனா என்று பொரிப்பதற்காகவே சர்க்கரை குறைந்த ரகங்கள் கொடுத்திருக்கிறது. இனிக்கிற கிழங்கு வந்துவிட்டால், மூட்டையை இருட்டான, காற்றோட்டமான அறையில் இரண்டு வாரம் வையுங்கள், சர்க்கரையில் ஒரு பகுதி திரும்ப மாவாகும். சீவிய வில்லைகளைக் கொதி வராத சுடுதண்ணீரில் இரண்டு நிமிஷம் போட்டு எடுத்து, துணியில் ஈரம் போக உலர்த்திப் பொரியுங்கள். தண்ணீர் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். திருமங்கலம் தங்கைக்கு எதை வேண்டாம் என்றேனோ அதை உங்களுக்குச் செய்யச் சொல்கிறேன். உங்களுக்கு இங்கே போக வேண்டியது சர்க்கரை.

அலங்காநல்லூரிலிருந்து ஒரு வாசகி: கிழங்கில் பச்சை படிந்திருந்தால் வெந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். முளை விட்டதையும் உபயோகிக்கலாமா?

வெந்தால் சரியாகாது. பொரித்தாலும் போகாது. பச்சை நிறம் இலையில் இருக்கிற அதே பச்சையம்தான், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் வெளிச்சம் பட்டுப் பச்சை ஏறும்போதே சோலனைன் என்ற நஞ்சும் தோலுக்கடியில் கூடுகிறது. கடையில் டியூப் லைட்டுக்குக் கீழே குவித்து வைத்தாலே போதும், ஏறிவிடும். ஓரத்தில் லேசாக இருந்தால் அந்த இடத்தைக் கனமாகச் சீவி எறியுங்கள். பாதிக் கிழங்கு பச்சை என்றாலும், வாயில் வைத்ததும் கசந்து தொண்டை கமறினாலும் முழுசையும் எறிந்துவிடுங்கள், குழந்தைகள் இருக்கிற வீட்டில் கணக்குப் பார்க்காதீர்கள். முளை சின்னதாக, கிழங்கு கெட்டியாக இருந்தால் முளையைக் கண்ணோடு தோண்டிவிட்டுச் சமைக்கலாம். சுருங்கித் தொளதொளத்தது வேண்டாம். தோலோடு வேகவைக்கச் சொன்னேனே, அது பச்சை இல்லாத கிழங்குக்கு மட்டும்.

செல்லூரிலிருந்து ஒரு வாசகி: அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது. பொட்டாசியம் கூடாது என்று, கிழங்கைச் சீவி நறுக்கித் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கச் சொல்லியிருக்கிறார் டயட்டீஷியன். நீங்கள் நேர்மாறாக எழுதியிருந்தீர்கள். அப்பாவுக்குக் கிழங்கு என்றால் உயிர். எதைக் கேட்பது?

டயட்டீஷியன் சொன்னதை மட்டும் கேளுங்கள். நான் எழுதியது நல்ல சிறுநீரகம் இருக்கிற வீட்டுக்கு. உங்கள் கடிதம் வந்திருக்காவிட்டால் அந்த வரியை அப்படியே விட்டிருப்பேன். தெளிவாக எழுதாதது என் தவறு.

மற்றவர்கள் இழக்கக்கூடாத பொட்டாசியத்தை நீங்கள் முடிந்தவரை வெளியேற்ற வேண்டும். வெறுமனே ஊறவைத்தால் குறைவது கொஞ்சமே என்பதை மறுபடி சொல்கிறேன், அதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். பொடியாக நறுக்குங்கள், துருவினால் இன்னும் நல்லது. நிறைய தண்ணீரில் கொதிக்கவிட்டு வடித்துவிடுங்கள். திரும்பப் புதுத் தண்ணீரில் வேகவைத்து அதையும் வடித்துவிடுங்கள். வடித்ததை ரசத்திலோ சாம்பாரிலோ சேர்க்கவே கூடாது. குக்கரில் முழுக் கிழங்கு அவிப்பது உங்கள் வீட்டுக்கு ஆகாது. இப்படிச் செய்தும் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை கரண்டி என்பதை டயட்டீஷியனிடம் அளவாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு முறை வடித்த கிழங்கில் ருசி குறையும்தான். கடுகு, சீரகம், மிளகுத்தூள், பெருங்காயம், கறிவேப்பிலை தூக்கலாகப் போட்டு, நல்லெண்ணெயில் ஓரம் லேசாகச் சிவக்கும்வரை பிரட்டிக் கொடுங்கள், அப்பா விரும்பிச் சாப்பிடுவார். உப்புக் குறைவாகத் தோன்றுகிறது என்று, சோடியம் குறைத்த உப்பு என விற்கிற பாக்கெட்டை மட்டும் அவர் தட்டின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதில் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு.